கொரோனாவுக்குப் பின் நுரையீரல் தழும்பு: மரபணுப் பரிசோதனை தேவையா?

தங்கள் தந்தைக்கு ஐபிஎஃப் எனப்படும், காரணம் அறியப்படாத நுரையீரல் தழும்பு நோய் இருந்ததையும், கொரோனாவுக்குப் பின் எடுத்த தங்கள் சிடி ஸ்கேனில் தழும்புகள் தெரிவதையும் குறிப்பிட்டு, மரபணுப் பரிசோதனை செய்யலாமா என்று கேட்டிருந்தீர்கள்.

இரு நோய்களுக்கும் பொதுவான மரபணுக் காரணிகள் இருப்பது உண்மைதான்; ஆனால் அவை எல்லாம் ஒரே திசையில் செயல்படுவதில்லை. 19ஆம் குரோமோசோமில் உள்ள டிபிபி9 மரபணுவின் ஒரு மாறுபாடு, ஐபிஎஃப், கடுமையான கொரோனா ஆகிய இரண்டுக்குமே வாய்ப்பைக் கூட்டுகிறது. சளிப்புரதத்தை உருவாக்கும் எம்யூசி5பி மரபணுவில் நிலைமை நேர்மாறு: ஒரு பிரதி இருந்தாலே ஐபிஎஃப் வாய்ப்பை ஏறத்தாழ 4 முதல் 5 மடங்கு உயர்த்தும் அதே மாறுபாடு, கொரோனா கடுமையாவதிலிருந்து ஓரளவு காப்பதாகவே ஆய்வுகள் காட்டியுள்ளன. (ஆய்வாளர்களே எதிர்பாராத முடிவு இது.) இந்த எம்யூசி5பி மாறுபாட்டை உடையவர்களிலும் பெரும்பாலானோருக்கு ஐபிஎஃப் வருவதில்லை என்பதால், தங்கள் ஐயத்துக்கு இப்பரிசோதனை விடை தராது என்பதே என் கருத்து. குடும்பத்தில் வேறொருவருக்கும் இந்நோய் இருந்தால் மட்டும், டெலோமியர் (குரோமோசோம்களின் முனைகளைக் காக்கும் பகுதி) தொடர்பான மரபணுக்கள் குறித்து மரபியல் ஆலோசகரிடம் கேளுங்கள்.

கொரோனாவுக்குப் பிந்தைய தழும்புகள் பலருக்குச் சில மாதங்களில் குறையும் அல்லது அப்படியே நிற்கும். ஐபிஎஃப் பெருகிக்கொண்டே போகும். எனவே ஸ்கேன் அறிக்கையில், நுரையீரலின் அடிப்பகுதி ஓரங்களில் ஐபிஎஃபின் முக்கிய அடையாளமான 'தேன்கூடு' அமைப்பு (அடுக்கடுக்கான சிறு காற்றறைகள்) குறிப்பிடப்பட்டுள்ளதா என்று பார்த்துவிட்டு, மூச்சுத்திறன் பரிசோதனையையும் ஸ்கேனையும் எப்போது மீண்டும் செய்வது என நுரையீரல் மருத்துவரிடம் முடிவு செய்யுங்கள். கொரோனாவுக்கு முன் எடுத்த மார்பு ஸ்கேன் ஏதேனும் இருந்தால், அதையும் தவறாமல் எடுத்துச் செல்லுங்கள்.