மேனுவல் கியர் மஸ்டாங் ஜிடி-ல சூப்பர்சார்ஜர் போடப் போறேன், கிட் தவிர வேற என்னெல்லாம் மாத்தணும்?

கேள்வில "மேனுவல்"னு போட்டிருக்கீங்க பாருங்க, அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் உக்காந்து எழுதுறேன். ஏன்னா இதுக்கு எங்க தேடினாலும் கிடைக்கிற பதில் முக்கால்வாசி ஆட்டோமேட்டிக் வண்டிக்காரங்க சொன்னதுதான். இஞ்செக்டர் (பெட்ரோலைத் தெளிக்கிற பார்ட்), பெட்ரோல் பம்ப், ட்யூன் (இன்ஜின் கம்ப்யூட்டர் செட்டிங்), முடிஞ்சுதுன்னு போயிடுவாங்க. கிளட்ச்னு ஒண்ணு கடைசி வரில "தேவைப்பட்டா"ன்னு ஒட்டிக்கிட்டு இருக்கும். என்னைக் கேட்டா அதுதான் முதல் வரி.

நீங்க அனேகமா அமெரிக்கால 2015லேர்ந்து 2017 வரைக்கும் வந்த வண்டி, அதாவது 5.0 லிட்டர் வி8 இன்ஜின் (பேர் கயோட்டி) வச்சிருக்கீங்க, கிட்டுக்கு 7,000, 8,000 டாலர் ஒதுக்கிட்டீங்க, வீட்ல "இதோட சரி, வேற செலவே கிடையாது"ன்னு சத்தியமும் பண்ணிட்டீங்கன்னு வச்சுக்கிறேன். அந்த சத்தியத்தை முதல்ல வாபஸ் வாங்குங்க. யானை வாங்கிட்டு அங்குசத்துக்குப் பேரம் பேசுற கதைதான் இது.

என்னோடது 2016 ஜிடி, ஆறு கியர் மேனுவல், சென்ட்ரிபியூகல் சார்ஜர். கிட்டை ஆர்டர் பண்றதுக்கு முன்னாடியே கிளட்ச் மாத்தினேன். வண்டியை ஒரு ஷாப்ல விட்டு (பேர் வேணாம்) "இப்போதைக்கு கிளட்ச் மட்டும் போடுங்க, சார்ஜர் அப்புறம்"னு சொன்னப்போ கவுன்டர்ல இருந்தவர் சிரிச்சுட்டார். "கம்பெனி போட்ட ஸ்டாக் கிளட்ச் நல்லாத்தானே இருக்கு, ஸ்லிப் ஆனா பாத்துக்கலாமே"ன்னார். எங்க வீக்கெண்ட் குரூப்லயும் இதே கிண்டல்தான், பூஸ்ட் (சார்ஜர் இன்ஜினுக்குள்ள அழுத்தி அனுப்புற காத்து) வர்றதுக்கு முன்னாடியே பயந்துட்டான்னு. சிரிக்கட்டும்னு விட்டுட்டேன், ஏன்னா என்கிட்ட கணக்கு இருந்துச்சு.

கணக்கு சிம்பிள். 2016 ஜிடி கம்பெனிலேர்ந்து வர்றப்போ 435 எச்பி, 400 பவுண்டு-அடி டார்க் (சுத்துற விசை). கிளட்சும் அதுக்கு மேல கொஞ்சம் இடம் விட்டு செஞ்சதுதான். ஏழு எட்டு பிஎஸ்ஐ பூஸ்ட் ஏத்தினா டார்க் 500 பக்கம் போயிடும். ஒரு கிளட்ச் எவ்ளோ தாங்கும்ங்கறது நாலு விஷயம்: பிரஷர் பிளேட் எவ்ளோ அழுத்துது, டிஸ்க்ல என்ன மெட்டீரியல், டிஸ்க் எவ்ளோ பெருசு, உரசுற முகம் எத்தனை. ஒத்த டிஸ்க்கை வச்சுக்கிட்டே தாங்குற சக்தியைக் கூட்டணும்னா அழுத்தத்தைக் கூட்டணும், இல்ல செராமிக் மாதிரி கடிக்கிற மெட்டீரியலுக்குப் போகணும். முதல் வழில பெடல் கல்லு மாதிரி ஆகி, ஒவ்வொரு தடவை மிதிக்கிறப்பவும் கிராங்க் ஷாப்ட்டோட த்ரஸ்ட் பேரிங் மேல பாரம் ஏறும். ரெண்டாவதுல சிக்னல்ல கிளம்புறப்போ வண்டி தடதடன்னு ஆடும். ட்வின் டிஸ்க்ல உரசுற முகம் ரெண்டுக்குப் பதிலா நாலு, அதனால அதே அழுத்தத்துல கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு தாங்கும், பெடலும் மனுஷன் மிதிக்கிற மாதிரி இருக்கும். விலை சுமாரா 1,000 டாலருக்கு மேல. தினமும் ஓட்டுற வண்டின்னா அதுக்கே போங்க.

ஆனா ட்வின் டிஸ்க் போட்டா ஸ்டாக் டிஸ்க்கும் பிளைவீலும் (இன்ஜின் முனைல சுத்துற கனமான சக்கரம்) போயிடும். அந்த டிஸ்க்ல இருந்த ஸ்ப்ரிங்கும் பிளைவீலோட கனமும் இன்ஜினோட துடிப்பை உறிஞ்சிக்கிட்டு இருந்துச்சு. போனதுக்கப்புறம் நியூட்ரல்ல கியர்பாக்ஸ் கடகடன்னு சத்தம் போடும், கிளட்சை மிதிச்சா டிஸ்க் சத்தம் வேற. உடைஞ்சது எதுவும் இல்ல, அது அப்படித்தான். இதை ஷாப்காரங்க முன்னாடியே சொல்ல மாட்டாங்க, அப்புறம் நீங்க ராத்திரி ரெண்டு மணிக்கு "கியர்பாக்ஸ் சத்தம் நார்மலா"ன்னு தேடிக்கிட்டு இருப்பீங்க.

கிளட்சை ஏன் முன்னாடியே போடணும்னா, புது கிளட்ச் செட் ஆகணும். நிறைய கம்பெனி 500 மைல் சிட்டி டிரைவிங் கேக்கும், அதுவும் நின்னு நின்னு கிளம்புற மாதிரி, ஹைவேல 500 மைல் ஒரே கியர்ல போனா கணக்குல வராது. சார்ஜரையும் கிளட்சையும் ஒரே நாள்ல போட்டு வண்டியை எடுத்தா, 600 எச்பியைக் கைல வச்சுக்கிட்டு 500 மைல் பூப்போல ஓட்டணும். யாரால முடியும்? எனக்கு அந்த 500 மைல் ஸ்டாக் பவர்லயே முடிஞ்சுது. குரூப்ல சிரிச்சவர்ல ஒருத்தர் சார்ஜரை முதல்ல போட்டார். அஞ்சாவது கியர்ல அமுக்கினா ஆர்பிஎம் மேல போகுது, ஸ்பீடோமீட்டர் நகரல. அதுதான் ஸ்லிப். "பாத்துக்கலாம்"னு இன்னும் கொஞ்ச நாள் ஓட்டினார், பிளைவீல்ல நீலமா சூடு பட்ட புள்ளி. ஸ்லிப் ஆகுறதுக்கு முன்னாடி மாத்தினாலும் அப்புறம் மாத்தினாலும் கியர்பாக்ஸை இறக்குற கூலி ஒண்ணுதான், ஆனா அவருக்கு நடு சீசன்ல வண்டி ஷாப்ல கிடந்துச்சு. நான் ஒண்ணும் சொல்லல. சொல்லணும்னு தோணுச்சு, சொல்லல.

கமெண்ட்ல ஒருத்தர் வருவார்னு தெரியும், "ஸ்டாக் கிளட்ச்லயே பூஸ்டோட வருஷக்கணக்கா ஓட்டுறேன்"னு. ஓட்டுங்க பாஸ், நான் தடுக்கல. சென்ட்ரிபியூகல் சார்ஜர், கம்மி பூஸ்ட், சாதா டயர், மெதுவா கிளம்புற ஆள்னா தாங்கலாம், ஏன்னா டயர் முதல்ல சுத்திடும், கிளட்ச் தப்பிச்சுடும். ஒட்டுற டயர் போட்ட அன்னைக்கு என்ன ஆகுதுன்னு எழுதுங்க.

சார்ஜர் எந்த வகைங்கறதும் இதுல சேரும். ரூட்ஸ், ட்வின் ஸ்க்ரூ மாதிரி பாசிடிவ் டிஸ்பிளேஸ்மென்ட் வகை 2,000 ஆர்பிஎம் பக்கத்துலயே நல்ல பூஸ்ட் குடுத்துடும். சென்ட்ரிபியூகல்ல ஆர்பிஎம் ஏற ஏறத்தான் பூஸ்ட் ஏறும். ஆட்டோமேட்டிக்ல ஆறாவது கியர்ல போறப்போ முழுசா மிதிச்சா கியர்பாக்ஸே ரெண்டு மூணு கியர் இறக்கிடும். மேனுவல்ல அப்படி யாரும் காப்பாத்த மாட்டாங்க. 1,500 ஆர்பிஎம்ல ஆறாவது கியர்ல மிதிச்சா, ட்வின் ஸ்க்ரூ குடுக்கிற அழுத்தம் மொத்தமும் மெதுவா நகர்ற பிஸ்டன் மேல, கனெக்டிங் ராடு மேல உக்காரும். நாக் (பெட்ரோல் தாறுமாறா வெடிச்சு பிஸ்டனை அடிக்கிறது) ஆகுறதுக்கு அதைவிட வசதியான நேரம் கிடையாது. கியரை இறக்கிட்டு மிதிக்கிற பழக்கம் இருந்தா எது வேணா போடுங்க. இல்லைன்னா சென்ட்ரிபியூகல் உங்க சோம்பேறித்தனத்தை மன்னிக்கும்.

அடுத்தது ஆயில் பம்ப் கியர். கயோட்டில இது உலோகப் பொடியை அழுத்திச் சுட்டு செஞ்சது. ஸ்டாக் பவருக்கு ஒண்ணும் குறையில்ல, ஆனா பூஸ்டோட ரெவ் லிமிட்டர்ல (ஆர்பிஎம் அதுக்கு மேல போகாம தடுக்கிற எல்லை) போய் முட்டிக்கிட்டே இருந்தா உடையுற பார்ட்னு பேரெடுத்தது. உடைஞ்சா ஆயில் பிரஷர் போகும், பின்னாடியே இன்ஜினும் போகும். மேனுவல் ஓட்டுறவன் ஒரு ஷிப்ட் மிஸ் பண்ணா நேரா லிமிட்டர்லதான் நிப்பான், அதனால இது நமக்குத்தான் அதிக முக்கியம். பில்லட் (ஒரே உலோகக் கட்டியைக் கடைஞ்சு செஞ்ச) கியரும் கிராங்க் ஸ்ப்ராக்கெட்டும் சேத்து மாத்துங்க. டைமிங் கவரைக் கழட்டுற பெரிய வேலை, ஆனா கிட் போடுறப்போ முன்பக்கம் எப்படியும் பாதி கழண்டுதான் இருக்கும், அப்பவே முடிச்சுடுங்க.

பெட்ரோல் பக்கம் கணக்கே போட்டுக் காட்டுறேன். பூஸ்ட் இன்ஜின் ஒரு எச்பிக்கு ஒரு மணி நேரத்துல சுமார் 0.6 பவுண்டு பெட்ரோல் குடிக்கும்னு வச்சுப்பாங்க. 600 எச்பின்னா 360 பவுண்டு, எட்டு இஞ்செக்டருக்குப் பிரிச்சா ஆளுக்கு 45. இஞ்செக்டரை 80 சதவீதத்துக்கு மேல திறந்து வைக்கக் கூடாதுன்னு பாத்தா 56 வருது. கிட்ல என்ன சைஸ் குடுக்கிறாங்க, இஞ்செக்டருக்குப் பெட்ரோல் வர்ற குழாய்ல (பியூயல் ரயில்) எந்த பிரஷர் இருந்தா அந்த நம்பர்னு கேளுங்க. இ85 (85 சதவீதம் வரைக்கும் எத்தனால் கலந்த பெட்ரோல்) போடுற ஆசை இருந்தா இன்னும் ஒரு 30, 40 சதவீதம் சேத்துக்கோங்க. டேங்க்ல இருக்கிற ஸ்டாக் பம்புக்கு வோல்டேஜ் ஏத்துற பூஸ்டர் வச்சு சமாளிக்கலாம், பெரிய நம்பர் வேணும்னா பம்பையே மாத்தணும். இங்க கஞ்சத்தனம் பண்ணா மேல் ஆர்பிஎம்ல பெட்ரோல் பத்தாம பிஸ்டன் உருகும். ஸ்பார்க் பிளக் ஒரு ஹீட் ரேஞ்ச் கோல்டா (சூட்டை சீக்கிரம் கடத்துற வகை), பிளக் முனை இடைவெளி 0.030 இன்ச் பக்கம். சின்ன செலவுதான், மறந்துடாதீங்க.

இதெல்லாம் மிகைன்னு நினைச்சா, கம்பெனியே சூப்பர்சார்ஜர் வச்சு வித்த மேனுவல் வண்டியைப் பாருங்க. 2013 ஷெல்பி ஜிடி500: 5.8 லிட்டர், 662 எச்பி. அதுல கம்ப்ரஷன் (காத்தை எத்தனை மடங்கு அமுக்குதுங்கறது) 9.0, உங்களோடது 11.0; கம்மியா இருந்தாதான் பூஸ்ட்ல நாக் பயம் கம்மி. கியர்பாக்ஸ் ட்ரெமெக் டிஆர்-6060, கிளட்ச் ட்வின் டிஸ்க், டிரைவ் ஷாப்ட் ஒரே பீஸ் கார்பன் பைபர். போர்டு இன்ஜினியர்களுக்குக் காசு மிச்சம் பிடிக்கத் தெரியாதா? தெரியும். அப்படியும் கிளட்சுல மிச்சம் பிடிக்கல. உங்க வண்டில இருக்கிற ரெண்டு பீஸ் டிரைவ் ஷாப்ட் உடனே உடைஞ்சுடும்னு சொல்லல, ஆனா ஆட்டோமேட்டிக்ல டார்க் கன்வெர்ட்டர் திரவம் நடுவுல இருந்து அடியை வாங்கிக்கும், நமக்கு கிளட்சை விட்ட வேகம் அப்படியே ஷாப்ட்டுக்கும் ஆக்சிலுக்கும் போகும். லாஞ்ச் பண்ற (நின்ன இடத்துலேர்ந்து சீறிக் கிளம்புற) ஆள்னா மாத்துங்க.

"இவ்ளோ செலவுக்கு 2018க்கு அப்புறம் வந்த பத்து கியர் ஆட்டோமேட்டிக் வாங்கலாமே, அதுதான் வேகம்"னு சொல்றவங்களுக்கு: ஆமா, அதுதான் வேகம். தெரியும். கேள்வி அது இல்ல.

இதையும் சொல்லிடுறேன், சம்பந்தம் இல்லைன்னாலும். ஷாப் கூலி கட்டுப்படி ஆகாம மிச்ச வேலையெல்லாம் எங்க வீட்டு கராஜ்லதான் பண்ணேன். கராஜ் கதவு திறந்திருக்கு, வண்டி ஸ்டாண்ட் மேல நிக்குதுன்னு எங்க எச்ஓஏ-லேர்ந்து (ஏரியா வீட்டுக்காரங்க சங்கம்) லெட்டர் மேல லெட்டர். என் கராஜ், என் கதவு, ஒரு சொட்டு ஆயில் வெளிய சிந்தல. எதிர் வீட்டு டிரைவ்வேல ஒரு படகு தார்ப்பாய் மூடி எப்பவும் நிக்குது, பறவை கூடு கட்டியிருக்கு, அதுக்கு லெட்டர் கிடையாது. மீட்டிங்ல கேட்டா "படகு வேற கேட்டகிரி"ங்கறாங்க. ஆகஸ்ட் வெயில்ல கதவைச் சாத்திக்கிட்டு இன்டர்கூலர் (சார்ஜர் அனுப்புற சூடான காத்தைக் குளிர வைக்கிறது) பைப் மாட்டின ஆளுக்குத்தான் அந்த வலி தெரியும்.

இன்டர்கூலர்னதும் ஞாபகம் வருது, தண்ணி சுத்துற வகைன்னா முன்னாடி இருக்கிற ஹீட் எக்ஸ்சேஞ்சர் சைஸையும் அதோட பம்பையும் பாருங்க. முதல் தடவை ஜோரா போகும், வரிசையா நாலு தடவை அமுக்கினா உள்ள போற காத்து சூடாகி இசியு (இன்ஜின் கம்ப்யூட்டர்) ஸ்பார்க் டைமிங்கைப் பின்னால இழுத்துடும், பவர் எங்க போச்சுன்னு தேடுவீங்க. ஆயில் கேட்ச் கேன் (இன்ஜின் ஆவில வர்ற ஆயிலைப் பிடிச்சு வைக்கிற டப்பா) ஒண்ணு போட்டுடுங்க. பிரேக், டயர் பத்தி நான் சொல்ல வேண்டியதில்ல. கலிபோர்னியால இருந்தா கிட்டுக்கு கார்ப் (அந்த மாநில காத்து மாசு வாரியம்) குடுத்த எக்ஸிக்யூட்டிவ் ஆர்டர் நம்பர், அதாவது அனுமதி, இருக்கான்னு பாத்துட்டு வாங்குங்க, இல்லைன்னா ஸ்மாக் டெஸ்ட்ல பானட்டைத் திறந்ததுமே முடிஞ்சுது. அங்க பம்புல கிடைக்கிற பிரீமியம் 91 ஆக்டேன்தான், மத்த பல மாநிலத்துல 93. ட்யூனர்கிட்ட எந்த பெட்ரோல்னு சரியா சொல்லுங்க, 93 ட்யூனை 91ல ஓட்டாதீங்க.

கிளட்ச் ஹைட்ராலிக் பத்தி யாரும் பேச மாட்டாங்க, அதையும் பாருங்க. இந்த வண்டில கிளட்சுக்கும் பிரேக்குக்கும் ஒரே ரிசர்வாயர். ஸ்லேவ் சிலிண்டர் (பெடல் அழுத்தத்தை வாங்கி கிளட்சை விடுவிக்கிறது) கிளட்சை மூடியிருக்கிற பெல்ஹவுசிங் உள்ளதான் இருக்கும், கிளட்ச் மாத்துறப்போ, அதையும் புதுசு போட்டு லைனை ஸ்டீல் ப்ரெய்டடா மாத்துங்க, அப்புறம் அதுக்காக மறுபடி கியர்பாக்ஸை இறக்க வேண்டாம். காத்து சுத்தமா போற வரைக்கும் ப்ளீட் பண்ணணும், ஷாப்ல அவசரப்பட்டா கூடவே நில்லுங்க. ஸ்டாக் பெடல்ல ஒரு அசிஸ்ட் ஸ்ப்ரிங் இருக்கு. புது கிளட்சோட சேந்து பெடல் பாதில தொங்குற மாதிரி இருந்தா கிளட்சைத் திட்டுறதுக்கு முன்னாடி அந்த ஸ்ப்ரிங்கைக் கழட்டிப் பாருங்க.

எந்த வகை சார்ஜர், எவ்ளோ பூஸ்ட், எந்த பெட்ரோல்னு கீழ எழுதுங்க, இஞ்செக்டர் கணக்கை உங்க நம்பருக்குப் போட்டுத் தர்றேன்.