ஃபுல் லிவரியில் குதிரையை விட்டால் எல்லாம் அவர்களே பார்த்துக்கொள்வார்களா?

சகோதரி, லண்டன் ஈஸ்ட் ஹாமில் குடியேறி இரண்டு வருடமாகிறது, 13 வயது மகள் ரைடிங் ஸ்கூலில் நன்றாகப் பழகிச் சொந்தக் குதிரை கேட்கிறாள், எசெக்ஸில் ஒரு லிவரி யார்டில் (கட்டணம் வாங்கிக்கொண்டு பிறர் குதிரையை வைத்துப் பராமரிக்கும் இடத்தில்) இடம் இருக்கிறது, மாதக் கட்டணத்தைக் கட்டிவிட்டால் மற்றதெல்லாம் அவர்கள் பார்த்துக்கொள்வார்களா என்று கேட்டிருக்கிறீர்கள்.

வேலைகளைப் பார்த்துக்கொள்வார்கள். குதிரையைப் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்புதான். இதை ஆரம்பத்திலேயே மனதில் வாங்கிக்கொண்டால் பின்னால் வருகிற மனக்கசப்பில் பாதி குறையும்.

நம் ஊரில் குதிரை வைத்திருப்பவர்களிடம் அதற்கென்றே ஒரு குதிரைக்காரர் இருப்பார். அது தின்றதா, சாணி போட்டதா, எந்தக் காலைத் தூக்கி வைக்கிறது என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. இங்கே யார்டில் ஒரு ஆள் காலையில் பத்துக் குதிரைகளுக்குத் தீனி வைத்து, வெளியே விட்டு, லாயம் கூட்ட வேண்டும். அவர் நல்லவராக இருந்தாலும் உங்கள் குதிரைக்கு என்று தனியாகக் கிடைக்கும் நிமிடங்கள் சொற்பம்தான். அதோடு, இங்கிலாந்தில் ரைடிங் ஸ்கூலுக்கு 2018-ஆம் ஆண்டு விதிகளின்படி கவுன்சில் உரிமம் வேண்டும். லிவரி யார்டுக்கு அப்படி ஓர் உரிமம் கிடையாது. வயலும் நாலு லாயமும் இருந்தால் யாரும் தொடங்கலாம். அதனால் தரத்தை நீங்களேதான் சோதித்துப் பார்க்க வேண்டும்.

சட்டமும் உங்களைத்தான் பார்க்கும். மகளுக்கு 16 வயது ஆகாததால், 2006-ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டப்படி அந்தக் குதிரைக்கு நீங்கள் பொறுப்பாளர். 1971-ஆம் ஆண்டு விலங்குகள் சட்டப்படி அது பிறருக்குச் செய்யும் சேதத்துக்கும் குடும்பத் தலைவர் பதில் சொல்ல வேண்டி வரலாம். டெவனில் வயலை விட்டு மிரண்டு ஓடிய குதிரைகள் பெரிய சாலையில் ஒரு கார் மீது மோதிய வழக்கில், உரிமையாளர்கள் கவனக்குறைவாக இல்லாதபோதும் அவர்களே பொறுப்பு என்று 2003-இல், அப்போது நாட்டின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் அவை தீர்ப்பளித்தது. யார்டில் யாரோ கதவைச் சரியாகச் சாத்தாமல் போனாலும் கடிதம் உங்கள் வீட்டுக்கு வரலாம். மூன்றாம் தரப்புக் காப்பீடு இல்லாமல் ஒரு நாள்கூட குதிரை வைத்திருக்காதீர்கள். பிரிட்டிஷ் ஹார்ஸ் சொசைட்டி என்ற குதிரை நல அமைப்பின் கோல்டு உறுப்பினர் கட்டணத்திலேயே இந்தக் காப்பீடு அடங்கும். குதிரைக்குப் பாஸ்போர்ட்டும் மைக்ரோசிப்பும் கட்டாயம். வாங்கிய 30 நாட்களுக்குள் பாஸ்போர்ட்டில் உரிமையாளர் பெயரை மாற்ற வேண்டும்.

கட்டண வகைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டிஐஒய் என்றால் லாயமும் வயலும் மட்டும் வாடகைக்கு. காலை மாலை வேலை உங்களுடையது. பார்ட் என்றால் பாதி வேலை அவர்களுடையது. ஃபுல் என்றால் தீனி, படுக்கை, சுத்தம், வெளியே விடுவது எல்லாம் அவர்கள். கிராஸ் லிவரியில் குதிரை முழு நேரமும் வயலில் இருக்கும். பெயரை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். ஒரு யார்டில் ஃபுல் லிவரிக்குள் அடங்குவது இன்னொரு யார்டில் தனிக் கட்டணம். கால்நடை மருத்துவரோ லாடக்காரரோ வரும்போது குதிரையைப் பிடித்து நிற்பதற்கே பில் போடும் இடங்கள் உண்டு.

இனி சண்டைகள் எங்கிருந்து வருகின்றன என்று பார்ப்போம். முதல் இடம் உலர்புல்லுக்கு. 500 கிலோ எடையுள்ள குதிரைக்கு ஒரு நாளில் உடல் எடையில் 2 சதவீதம், அதாவது ஈரம் நீங்கலாக 10 கிலோ நார்த்தீனி வேண்டும். உலர்புல்லாக எடை போட்டால் அது 12 கிலோ வரும். எடை குறைக்க வேண்டிய குதிரைக்குக்கூட 1.5 சதவீதத்துக்குக் கீழே மருத்துவர் சொல்லாமல் போகக் கூடாது. யார்டில் கணக்கு வேறு மாதிரி நடக்கும். பெரிய குதிரையோ சின்னக் குதிரையோ, ‘ஆளுக்கு ஒரு வலை’, அதாவது உலர்புல் அடைத்துத் தொங்கவிடும் வலைப்பை ஒன்று. அந்த வலையில் 5 கிலோ இருக்கிறது என்று வையுங்கள். மாலை 5 மணிக்குக் கட்டுகிறார்கள். ஒரு கிலோ உலர்புல்லை மென்று முடிக்கக் குதிரைக்கு 40 நிமிடம் போல ஆகும். எட்டரை மணிக்குள் வலை காலி. காலை 7 மணிக்கு அடுத்த தீனி வரும்வரை பத்தரை மணி நேரம் வெறும் வயிறு.

குதிரையின் வயிறு தின்றாலும் தின்னாவிட்டாலும் அமிலம் சுரந்துகொண்டே இருக்கும். மெல்லும்போது ஊறும் உமிழ்நீர்தான் அதை ஆற்றுகிறது. ஆறு மணி நேரத்துக்கு மேல் இடைவெளி விழுந்தால் இரைப்பைப் புண்ணுக்கு வழி திறந்துவிடும். கதவு மரத்தைக் கடிப்பது, வைக்கோல் படுக்கையைத் தின்பது, காலைத் தீனி வண்டிச் சத்தம் கேட்டதும் கதவை உதைப்பது, சேணத்தின் வார்ப்பட்டையை இறுக்கும்போது காதைப் பின்னால் மடித்துக் கடிக்க வருவது — இதையெல்லாம் ‘கெட்ட குணம்’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். முதலில் வலையை எடை போடுங்கள்.

பயணப் பெட்டி எடை பார்க்கும் கொக்கித் தராசு ஒன்று போதும். பக்கத்தில் நின்று, கட்டப்போகிற வலையை அதில் மாட்டுங்கள். ஒரு வாரம் குறித்து வையுங்கள். ஆள் மாறும் வார இறுதியில் எடையும் மாறும், அதையும் குறியுங்கள். உலர்புல்லுக்குப் பதில் ஹேலேஜ் (பாதி உலர்த்திக் காற்றுப் புகாமல் சுற்றி வைத்த புல்) கொடுக்கும் யார்டு என்றால் இன்னொரு கணக்குப் பிழை நடக்கும். ஹேலேஜில் ஈரம் அதிகம். 65 சதவீதம் உலர்பொருள் உள்ள ஹேலேஜ் என்றால் அதே 10 கிலோவுக்கு 15 கிலோ கொடுக்க வேண்டும். கிலோவுக்குக் கிலோ மாற்றிக் கொடுத்துவிட்டுக் குதிரை ஏன் இளைக்கிறது என்று தேடுவார்கள். சிறு துளை வலையில் தின்ன நேரம் கூடும், ஆனால் அளவே குறைவாக இருந்தால் துளையைச் சிறிதாக்கிப் பயனில்லை.

யார்டுக்காரர் தரப்பிலும் நியாயம் உண்டு. கட்டணம் நிலையானது, புல் விலை ஏறிக்கொண்டே இருக்கிறது, கூடுதலாகக் கொடுக்கும் ஒவ்வொரு கிலோவும் அவர் கையிலிருந்து போகிறது. அதனால் ‘குதிரை பட்டினி கிடக்கிறது’ என்று ஆரம்பிக்காதீர்கள். “இரவு வலையில் 8 கிலோ வேண்டும், கூடுதல் 3 கிலோவுக்கு என்ன கட்டணம்?” என்று கேளுங்கள். பெரும்பாலும் உடனே முடிந்துவிடும். பணம் தருகிறேன் என்ற பிறகும் மழுப்பினால் இடம் மாறுவதைப் பற்றி யோசிக்கலாம்.

அடுத்தது வெளியே விடுவது. எசெக்ஸின் பெரும்பகுதி கனமான களிமண். நவம்பர் மழைக்குப் பிறகு நாலு குதிரை நின்றால் வாசல் பக்கம் முழங்கால் ஆழச் சேறாகிவிடும். புல் வேரோடு போனால் வசந்த காலத்தில் மேய்ச்சலே இருக்காது. அதனால் வயலைப் பூட்டிவிடுவார்கள். விளம்பரத்தில் ‘வருடம் முழுவதும் டர்ன்அவுட்’, அதாவது வெளியே விடுவது, என்று இருக்கும். ஜனவரியில் அது மணல் தொழுவத்தில் ஒரு மணி நேரமாகச் சுருங்கியிருக்கும். 23 மணி நேரம் லாயத்துக்குள் நிற்கும் இளங்குதிரை மீது 13 வயதுக் குழந்தையை ஏற்றுவது எவ்வளவு ஆபத்து என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பார்க்கப் போகும்போது குதிரைகளை எண்ணுங்கள், ஏக்கரைக் கேளுங்கள். ஒரு குதிரைக்கு ஒன்று முதல் ஒன்றரை ஏக்கர் வரை என்பது பிரிட்டிஷ் ஹார்ஸ் சொசைட்டி சொல்லும் அளவு. 8 ஏக்கரில் 20 குதிரை நின்றால் அந்த யார்டில் குளிர்கால வயல் இருக்க வழியே இல்லை. கேள்வியையும் குறிப்பாகக் கேளுங்கள்: “போன ஜனவரியில் எந்த வயல், வாரத்தில் எத்தனை நாள், நாளைக்கு எத்தனை மணி நேரம்?” முடிந்தால் அங்கே குதிரை வைத்திருக்கும் வேறொருவரிடம் இதையே கேளுங்கள். வயலில் சிகமோர் மரம் இருக்கிறதா என்றும் பாருங்கள். இலையுதிர் காலத்தில் அதன் விதைகளும் வசந்தத்தில் அதன் நாற்றுகளும் குதிரையின் தசையைச் சிதைத்து உயிரையே எடுத்துவிடும். மஞ்சள் பூப் பூக்கும் ராக்வொர்ட் செடி பச்சையாக இருக்கும்போது கசப்பினால் பெரும்பாலும் தின்னாது. காய்ந்து புல்கட்டில் கலந்துவிட்டால் கசப்பு தெரியாது, ஈரலைக் கெடுக்கும் நஞ்சு மட்டும் அப்படியே இருக்கும்.

வயலை மூடும் அந்த வாரம்தான் காலிக் என்கிற வயிற்று வலிக்கு மிகவும் அஞ்ச வேண்டிய வாரம். ஈரப் புல் மேய்ந்த குதிரை திடீரென்று உலர்புல்லுக்கு மாறுகிறது, நடை குறைகிறது, தண்ணீர் சில்லென்றிருப்பதால் குடிப்பதும் குறைகிறது; குடலில் தீனி இறுகி அடைத்துக்கொள்கிறது. தானியங்கித் தண்ணீர்த் தொட்டியில் எவ்வளவு குடித்தது என்று தெரியாது. அந்த வாரத்துக்கு மட்டும் அதை மூடிவிட்டு இரண்டு வாளி வைக்கச் சொல்லுங்கள். உலர்புல் தின்னும் 500 கிலோக் குதிரை நாளொன்றுக்கு 25 லிட்டருக்குக் குறையாமல் குடிக்க வேண்டும். சாணிக் குவியல்களையும் எண்ணப் பழகுங்கள். ஒரு நாளில் 8 முதல் 12 வரை என்பது பொதுவான அளவு. உங்கள் குதிரைக்கு எது வழக்கம் என்று தெரிந்திருந்தால் பாதியாகக் குறையும் நாளில் உடனே கண்டுபிடிப்பீர்கள். லாயம் கூட்டுகிறவர் இதை எண்ண மாட்டார். கேட்டால் எழுதி வைப்பார், கேட்க வேண்டும்.

போர்வை விஷயம் சின்னதாகத் தெரியும், யார்டின் வாட்ஸ்ஆப் குழுவில் அதிகச் சண்டை இதற்குத்தான். இரவு 2 டிகிரி என்று 200 கிராம் போர்வை (உள்ளே அடைத்த பஞ்சின் அளவு; கிராம் கூடினால் கதகதப்பு கூடும்) போடுவார்கள், பகலில் 12 டிகிரி ஆனாலும் கழற்ற ஆள் இருக்காது, குதிரை உள்ளே வியர்த்து நிற்கும். எந்த வெப்பநிலைக்கு எந்தப் போர்வை என்று நாலு வரி எழுதி, தண்ணீர் படாத உறையில் போட்டு லாயக் கதவில் மாட்டுங்கள். போர்வைகளின் மீதும் கிராம் அளவைப் பெரிதாக எழுதுங்கள். ‘தடிமனான போர்வை’ என்றால் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொன்று. சேற்றுப் புண்ணுக்கும் இதே கதைதான்: சேற்றுக் காலைக் குழாய்த் தண்ணீரில் கழுவி ஈரத்தோடு விட்டால் குளம்புக்கு மேலே பொருக்குத் தட்டும். கழுவினால் துண்டால் ஒற்றி முழுக்க உலர்த்த வேண்டும். அதற்கு ஆள் இல்லையென்றால் சேறு காய்ந்த பிறகு பிரஷ் போடச் சொல்லுங்கள்.

நோய்த் தடுப்பில் யார்டின் பலவீனமான ஆள் அளவுக்குத்தான் யார்டு பாதுகாப்பானது. புதிதாக வரும் குதிரையை மூன்று வாரம் தனியே வைக்கிறார்களா என்று கேளுங்கள். ஸ்ட்ராங்கிள்ஸ் என்ற தொண்டைக் கட்டி நோய் வந்தால் யார்டு முழுக்க வாரக்கணக்கில் முடங்கும். குதிரையின் இயல்பான உடல் வெப்பம் 37.5 முதல் 38.5 டிகிரி செல்சியஸ். சந்தேகம் வந்த நாள் முதல் காலை மாலை பார்த்துக் குறிக்க வேண்டும். குடற்புழுவுக்குச் சாணியில் முட்டை எண்ணிப் பார்த்து மருந்து கொடுக்கும் முறை இருக்கிறதா, எல்லோரும் அதில் சேர வேண்டும் என்று விதி இருக்கிறதா? ஒருவர் விலகினாலும் அவர் குதிரை மேயும் வயலில்தான் உங்கள் குதிரையும் மேயும்.

ஒப்பந்தம் எழுத்தில் இல்லாத இடத்துக்குப் போகாதீர்கள். விலகுவதற்கான முன்னறிவிப்புக் காலம், கட்டண உயர்வு, எது தனிக் கட்டணம் என்பவை இருக்கட்டும்; அவற்றைவிட முக்கியம் அவசரச் சம்மதம். இரவு 2 மணிக்குக் குதிரை புரள்கிறது, உங்கள் போன் அணைந்திருக்கிறது. மருத்துவரை அழைக்க யார்டுக்கு அதிகாரம் உண்டா? எவ்வளவு பவுண்ட் வரை? காலிக் அறுவை சிகிச்சைக்கு அனுப்பலாமா, கூடாதா? பல ஆயிரம் பவுண்ட் ஆகும் முடிவு அது. காப்பீட்டின் மருத்துவ உச்சவரம்பைப் பார்த்து இப்போதே ஆம் அல்லது இல்லை என்று எழுதி கையெழுத்துப் போட்டு, மருத்துவமனையிலும் ஒரு பிரதி கொடுத்து வையுங்கள். மகளிடம் இதைப் பேசுவது கடினம்தான், ஆனாலும் குதிரை வருவதற்கு முன்பே பேசிவிடுங்கள்.

குறை சொல்லவும் நேரம் காலம் உண்டு. காலைத் தீனி நேரத்திலும் வாட்ஸ்ஆப் குழுவிலும் எதையும் எழுப்ப வேண்டாம். ஒரு செய்தியில் ஒரு விஷயம், அளவும் தேதியும் சேர்த்து, யார்டு மேலாளருக்கு மட்டும். பக்கத்து லாயத்தார் அன்பாகக் கேரட் கொடுப்பதை நிறுத்த ஓர் அட்டை போதும்: ‘மருத்துவர் சொன்ன உணவு மட்டும்’. லேமினைட்டிஸ் என்கிற குளம்பு அழற்சி வரக்கூடிய பருத்த போனி (குட்டை இனக் குதிரை) என்றால் அந்த அட்டை அவசியம்.

உங்களுக்கு என் யோசனை: இப்போதே வாங்காதீர்கள். அந்த யார்டிலேயே இருக்கும் ஒரு குதிரையை வாரத்தில் இரண்டு மூன்று நாள் அதன் உரிமையாளரோடு பகிர்ந்துகொள்ளும் ஏற்பாட்டில் எடுங்கள். பிரிட்டிஷ் ஹார்ஸ் சொசைட்டியிடம் இதற்கு மாதிரி ஒப்பந்தம் இருக்கிறது. அக்டோபரில் தொடங்கி மார்ச் வரை ஓடட்டும். டிசம்பரில் நாலு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும், மகள் பள்ளி முடிந்து வந்து சேரும்போது விளக்கு எரியும் மைதானம் இருந்தால்தான் ஏற முடியும், அந்த மைதானத்துக்கும் முறை காத்திருக்க வேண்டும். பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை, சொல்லாமல் மத்தியானம் போய்ப் பாருங்கள்: வலையில் புல் இருக்கிறதா, வாளியில் தண்ணீர் இருக்கிறதா, எத்தனை குதிரை வெளியே நிற்கிறது, லாயத்தில் குனிந்தால் மூத்திர நெடி கண்ணை எரிக்கிறதா. அதெல்லாம் சரியாக இருந்து, மகளும் மழையில் சலிக்காமல் வந்துகொண்டிருந்தால், ஏப்ரலில் மருத்துவரை வைத்து ஐந்து கட்டப் பரிசோதனை செய்து குதிரை வாங்கலாம்.