டெங்கு: காய்ச்சல் விட்டபின் வயிற்றுவலி
தம்பிக்கு டெங்கு உறுதியாகி, நான்காம் நாள் காய்ச்சல் விட்டது, ஆனால் வயிற்றுவலியும் வாந்தியும் தொடங்கியிருக்கிறது என்கிறீர்கள். குணமாகிறது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள் சகோ. இப்போதே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.

டெங்குவில் ரத்தத்தில் வைரஸ் குறைந்துவரும் நேரத்தில்தான் ஆபத்தே. நோயெதிர்ப்பு அணுக்கள் கொட்டும் சைட்டோகைன்கள் என்ற வேதிப்பொருள்கள் நுண்ணிய ரத்தக்குழாய்ச் சுவர்களைத் தளர்த்திவிடும். பிளாஸ்மா (ரத்தத்தின் திரவப் பகுதி) வயிற்றுக்குள்ளும் நுரையீரலைச் சுற்றியும் கசியும், ரத்தம் கெட்டியாகும், முற்றினால் பிரஷர் இறங்கும். இந்தக் கசிவு பெரும்பாலும் 24 முதல் 48 மணி நேரம்.

எல்லோரும் பிளேட்லெட்டையே பார்க்கிறார்கள் (பப்பாளி இலைச்சாறு வேறு!). ஹீமாட்டோக்ரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு; ரத்தம் கெட்டியானால் கூடும்) ஏறுகிறதா என்றும் டாக்டரிடம் கேளுங்கள்.

வலிக்கு டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென், ஆஸ்பிரின் வேண்டவே வேண்டாம். ரத்தப்போக்கு ஆபத்தைக் கூட்டும். கடைசியாக எப்போது சிறுநீர் கழித்தார் என்பதையும் டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.