எட்டாம் வசனத்துக்கு அப்புறம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்து, ஞாயிறு பள்ளியில் வசனங்களை மனப்பாடம் செய்து வளர்ந்தவன். இப்போது எனக்குள் சந்தேகங்கள் நிறைய. என் அண்ணன் அசையாத விசுவாசி, நன்றாகப் படித்தவர். அவர் சொல்வது இதுதான்: ஜூலியஸ் சீசரைப் பற்றி இருப்பதைவிட இயேசுவைப் பற்றித்தான் கையெழுத்துப் பிரதிகள் அதிகம். உயிர்த்தெழுந்தவரை 500 பேர் ஒரே நேரத்தில் பார்த்திருக்கிறார்கள். பொய்யென்று தெரிந்த ஒன்றுக்காகச் சீடர்கள் உயிரை விடுவார்களா? "அற்புதம் நடக்காதுன்னு முதல்லயே முடிவு கட்டிட்டா, எந்தச் சான்றும் உனக்குப் போதாது" என்கிறார். என் நண்பர்களோ, எல்லாமே 300 வருடம் கழித்து ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் காலத்தில் எழுதிச் சேர்த்தது என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். இரண்டும் எனக்கு ஒட்டவில்லை. வாயைத் திறந்தாலே அண்ணன், உயிர்த்தெழுதலைச் சந்தேகித்த சீடனின் பெயரைச் சொல்லி, "வந்துட்டாரு தோமா" என்று சிரிக்கிறார். நீங்கள் இதை எப்படிப் பார்க்கிறீர்கள்?

அன்புடன்,
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

நான் விசுவாசி அல்ல. ஆனால் சுவிசேஷங்களை வெகுகாலமாகப் படித்து வருகிறேன், அவற்றின் மேல் பிரியமும் உண்டு. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நியாயம்.

பிரதிகளின் கணக்கைச் சீக்கிரம் முடித்துவிடலாம். புதிய ஏற்பாட்டுக்குக் கிரேக்க மொழியில் மட்டும் 5,000க்கு மேற்பட்ட கையெழுத்துப் பிரதிகள் உண்டு, உண்மைதான். பெரும்பாலானவை 9ஆம் நூற்றாண்டுக்கும் அதற்குப் பிறகும் எழுதப்பட்டவை. மிகப் பழையவற்றுள் ஒன்று மான்செஸ்டரில், ஜான் ரைலண்ட்ஸ் நூலகத்தில் இருக்கிறது. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் பாப்பிரஸ் துண்டு. ரோம ஆளுநர் பிலாத்துவின் முன் இயேசுவுக்கு நடக்கும் விசாரணையிலிருந்து சில அரைகுறை வரிகள், இரண்டு பக்கமும். எழுத்தின் வடிவத்தை வைத்து 2ஆம் நூற்றாண்டு என்பார்கள். பார்க்கப் பரவசமான பொருள்தான். ஆனால் ஒரு பத்திரத்தை ஆயிரம் ஜெராக்ஸ் எடுத்து வைத்தால் பத்திரம் தொலையாது, அவ்வளவுதான். அதில் எழுதியிருப்பது உண்மையா என்பது வேறு விசாரணை.

சீசரையே எடுத்துக்கொள்வோம், அண்ணன்தானே அழைத்து வந்தார். சீசர் இறந்த பிறகு நடந்த விளையாட்டு விழாவின்போது ஏழு நாட்கள் ஒரு வால்நட்சத்திரம் தெரிந்தது, அது வானுலகம் சென்ற அவருடைய ஆன்மா என்று மக்கள் நம்பினார்கள் என்று ரோம வரலாற்றாசிரியர் சுவெட்டோனியஸ் எழுதுகிறார். கி.மு. 44இல் சீசர் குத்திக் கொல்லப்பட்டதை எல்லா வரலாற்றாசிரியர்களும் ஏற்கிறார்கள். வால்நட்சத்திரம் தெரிந்திருக்கலாம் என்கிறார்கள். ஆன்மா மேலே போனதைப் பற்றி யாரும் பேச்செடுப்பதில்லை. சீசருக்குப் பிடித்த அதே தராசைத்தான் இயேசுவுக்கும் பிடிக்க வேண்டும். பிலாத்துவின் காலத்தில் அவர் சிலுவையில் அறையப்பட்டார் என்பதை அந்தத் தராசு தயங்காமல் ஏற்கிறது. கிறிஸ்தவர்களை அறவே பிடிக்காத ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸே பிலாத்துவின் பெயரோடு அந்த மரண தண்டனையைக் குறிப்பிடுகிறார்.

அடுத்து அந்த 500 பேர். இதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். அண்ணனின் வாதங்களில் கனமானது இதற்குள்தான் இருக்கிறது. அவர் அதைச் சரியான இடத்தில் வைத்துச் சொல்லவில்லை, அவ்வளவே.

கிறிஸ்தவர்களை முதலில் துன்புறுத்தி, பிறகு மனம் மாறிய பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதம், 15ஆம் அதிகாரம். ஏறத்தாழ கி.பி. 54 வாக்கில் எழுதியது. சிலுவை மரணம் 30ஐ ஒட்டி. எல்லாச் சுவிசேஷங்களுக்கும் முந்திய ஆவணம் இது. தான் பெற்றுக்கொண்டதையே அவர்களிடம் ஒப்படைத்ததாகச் சொல்லி, உயிர்த்தெழுந்த இயேசு யார் யாருக்குக் காணப்பட்டார் என்று ஒரு பட்டியலைத் தருகிறார் பவுல்: முதலில் கேபா, அதாவது பேதுரு, பிறகு பன்னிருவர், பிறகு 500க்கு மேற்பட்ட சகோதரர்கள், யாக்கோபு, அப்போஸ்தலர் எல்லோரும், கடைசியாக, "எனக்கும்" என்கிறார். கலாத்தியருக்கு எழுதிய கடிதத்தில், எருசலேமுக்குப் போய்ப் பேதுருவோடு 15 நாள் தங்கியதையும் இயேசுவின் சகோதரர் யாக்கோபைப் பார்த்ததையும் சொல்கிறார். அவர் மனம் மாறி மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு நடந்தது அது. ஆக, "நாங்கள் அவரைக் கண்டோம்" என்ற பேச்சு சிலுவைக்குப் பிறகு சில ஆண்டுகளுக்குள்ளேயே கிளம்பிவிட்டது. உங்கள் நண்பர்களின் கான்ஸ்டன்டைன் கதை இந்த இடத்திலேயே விழுந்துவிடுகிறது. கான்ஸ்டன்டைன் 325இல் நைசியாவில் கூட்டிய சபையின் பெரிய சண்டை, குமாரனாகிய இயேசு பிதாவாகிய கடவுளுக்குச் சமமா இல்லையா என்பது. எந்தச் சுவிசேஷத்தைச் சேர்ப்பது, எதைத் தள்ளுவது என்று அங்கே ஓட்டெடுப்பெல்லாம் நடக்கவில்லை. நாத்திகர்களிடமும் கர்ண பரம்பரைக் கதைகள் உண்டு, என்ன செய்ய.

ஆனால் பட்டியலை இன்னொரு முறை படியுங்கள். 500 பேரில் ஒருவர் பெயர்கூட இல்லை, இடம் இல்லை, நாள் இல்லை. அவர்களில் பெரும்பாலோர் இன்னும் உயிரோடு இருப்பதாகப் பவுல் சொல்கிறார். கடல் தாண்டி கொரிந்துவில் இருப்பவன் யாரைப் போய்க் கேட்பான்? நான்கு சுவிசேஷங்களிலும் இந்தச் சம்பவம் தெளிவாக எங்கும் வரவில்லை. வழக்காடுபவர்கள் சொல்வது போலச் சொன்னால், நம்மிடம் இருப்பது ஒருவருடைய சாட்சியம்தான். அவர் 500 பேரைக் காட்டுகிறார். அந்த ஒருவரும் தனக்குக் கிடைத்த தரிசனத்தை, மற்றவர்களுக்குக் கிடைத்ததைச் சொல்லும் அதே வினைச்சொல்லால்தான் சொல்கிறார். காலிக் கல்லறையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, பெண்கள் இல்லை. புதிய ஏற்பாடு முழுவதிலும் "உயிர்த்தெழுந்தவரை நானே கண்டேன்" என்று தன் பெயரிலேயே எழுதிய, எல்லா ஆய்வாளர்களும் ஏற்கும் சாட்சி பவுல் ஒருவர்தான். இயேசு உயிரோடிருந்தபோது பவுல் அவரைச் சந்தித்ததாக அவருடைய கடிதங்களில் எங்கும் இல்லை.

அப்புறம் சுவிசேஷங்கள். மாற்கு முந்தியது, 70ஐ ஒட்டி. வத்திக்கான் நூலகத்தில் 4ஆம் நூற்றாண்டுப் பிரதி ஒன்று இருக்கிறது, பக்கத்துக்கு மூன்று பத்தியாக எழுதியது. அதில் மாற்கு 16ஆம் அதிகாரம், கல்லறைக்கு வந்த பெண்கள் பயந்து ஓடி யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை என்ற 8ஆம் வசனத்தோடு, நடுப் பத்தியில் முடிந்துவிடுகிறது. மூன்றாம் பத்தி வெறுமையாக விடப்பட்டிருக்கிறது. எழுதியவர் ஏன் விட்டார் என்பதற்கு ஆளுக்கொரு விளக்கம் சொல்வார்கள். உயிர்த்தெழுந்த இயேசு தோன்றுவதும், சர்ப்பங்களை எடுப்பார்கள், சாவுக்கேதுவானதைக் குடித்தாலும் சேதமில்லை என்பதும் உள்ள 9 முதல் 20 வரை வசனங்கள் அந்தப் பிரதியில் இல்லை; அதே நூற்றாண்டின் சினாய்ப் பிரதியிலும் இல்லை. மாற்குவில் கல்லறைக்குள் ஒரு வாலிபன் உட்கார்ந்திருக்கிறான். மத்தேயுவில் அவன் பூமியதிர்ச்சியோடு இறங்கிவரும் தேவதூதன். லூக்காவில் இரண்டு பேர். மத்தேயுவில் மட்டும், இறந்த பரிசுத்தவான்கள் கல்லறைகளைவிட்டு எழுந்து நகரத்துக்குள் போய் அநேகருக்குக் காணப்படுகிறார்கள். ஒரு நகரமே பார்த்திருக்க வேண்டிய காட்சி. மற்ற மூன்று பேரும் இதைச் சொல்லவில்லை. அந்த நூற்றாண்டின் யூத வரலாற்றை எழுதிய யோசேபஸும் சொல்லவில்லை.

இதையெல்லாம் வைத்து, கதை வளர்ந்துகொண்டே போனது, கதை மட்டும்தான் என்று நான் முடித்திருப்பேன். மாற்கு 8ஆம் அதிகாரம் விடவில்லை. பெத்சாயிதாவில் ஒரு குருடனைக் கொண்டுவருகிறார்கள். இயேசு அவன் கையைப் பிடித்து ஊருக்கு வெளியே கூட்டிப் போகிறார். கண்களில் உமிழ்ந்து, கை வைத்து, ஏதாவது தெரிகிறதா என்று கேட்கிறார். மனிதர்கள் நடக்கிறார்கள், மரங்களைப் போலத் தெரிகிறார்கள் என்கிறான் அவன். திரும்பவும் கை வைக்கிறார். அப்புறம்தான் தெளிகிறது. முதல் தடவை சரியாக வராத அற்புதம்! புகழ்வதற்காகப் புனைகிறவன் இப்படி எழுத மாட்டான். மாற்குவைக் கையில் வைத்துக்கொண்டு எழுதிய மத்தேயுவும் லூக்காவும் இதை விட்டுவிட்டார்கள். எதிரிகளும்கூட அவர் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்லவில்லை. பிசாசின் துணையால் செய்கிறார் என்றார்கள். 2ஆம் நூற்றாண்டில் கிறிஸ்தவத்தை எதிர்த்து எழுதிய செல்சஸ், எகிப்தில் கற்ற மந்திரவித்தை என்றார். ஆகவே அவர் வாழ்ந்த காலத்திலேயே நோய் தீர்ப்பவர், பேயோட்டுபவர் என்று பெயர் வாங்கியிருந்தார் என்பதை நான் வரலாறாகவே ஏற்கிறேன்.

சரி, பெயர் வாங்கியது வரலாறு என்றால் நோய் தீர்ந்தது வரலாறா? இங்கே அண்ணனிடம் இன்னொரு குருடனைக் காட்டுங்கள். அலெக்சாந்திரியா, சுமார் கி.பி. 70. பேரரசராகப் புதிதாக அறிவிக்கப்பட்டிருந்த வெஸ்பாசியன் முன் பார்வையற்ற ஒருவன் விழுந்து, உங்கள் எச்சிலை என் கண்ணில் தடவுங்கள் என்று கெஞ்சுகிறான். அவர் முதலில் சிரிக்கிறார், தயங்குகிறார், வைத்தியர்களிடம் கருத்துக் கேட்கிறார், பிறகு செய்கிறார். பார்வை வந்துவிடுகிறது. இதை எழுதியவர் அதே டாசிட்டஸ், சுமார் 40 வருடம் கழித்து. மாற்குவுக்கும் அவர் சொல்லும் சம்பவங்களுக்கும் நடுவே இருக்கும் அதே இடைவெளி. அங்கே இருந்தவர்கள், பொய் சொல்லி ஆதாயம் எதுவும் இல்லாத இன்றைக்கும் இதைச் சொல்கிறார்கள் என்று வேறு சேர்க்கிறார். கூட்டத்தின் முன் நடந்தது, எழுதியவர் கறாரான ஆள். நம்புகிறீர்களா என்று அண்ணனைக் கேளுங்கள். அரசியல் ஆதாயம், ஏற்பாடு செய்த ஆட்கள், முழுக் குருடே இல்லை என்று அவரே காரணங்களை அடுக்குவார். எல்லாம் நல்ல காரணங்கள். முன்முடிவு என்று அவற்றை நாம் தள்ளிவிடவில்லை அல்லவா?

முன்முடிவு பற்றி அவர் சொல்வதில் நியாயமும் இருக்கிறது. 1748இல் தத்துவவாதி டேவிட் ஹியூம், ஓர் அற்புதத்துக்கான சாட்சியம் பொய்யாக இருப்பது அந்த அற்புதத்தைவிடப் பெரிய அற்புதமாக இருந்தால்தான் நம்பலாம் என்று எழுதினார். அதே கட்டுரையில், தண்ணீர் உறைந்து கெட்டியாகும் என்பதை நம்ப மறுத்த ஓர் இந்திய இளவரசன் வருகிறான். அவன் சரியாகத்தான் யோசித்தான் என்கிறார் ஹியூம்! ஆனால் பனிக்கட்டி இருக்கிறதே. அந்த விதியை இரும்பாகப் பிடித்துக்கொண்டால் புதிதாக எதையுமே கற்க முடியாது. அதனால் "நடக்கவே நடக்காது" என்று நான் சொல்வதில்லை. 40 வருடம் கழித்து, பார்த்தவர் யாரென்று தெரியாமல், ஒன்றோடொன்று ஒட்டாத நான்கு விவரணைகளாக வந்தால் அன்றாடச் செய்தியைக்கூட விசாரிக்காமல் ஏற்க மாட்டோம் என்கிறேன்.

சீடர்களின் மரணம் பற்றிச் சுருக்கமாக. செபெதேயுவின் மகன் யாக்கோபு வாளால் கொல்லப்பட்டதாக அப்போஸ்தலர் நடபடிகள் சொல்கிறது. இயேசுவின் சகோதரர் யாக்கோபு 62இல் கல்லெறிந்து கொல்லப்பட்டதை யோசேபஸ் சொல்கிறார். பேதுரு, பவுல் இருவர் பற்றியும் பழைய குறிப்புகள் உண்டு. மற்றவர்களின் மரணக் கதைகள் பெரும்பாலும் பிற்காலத்தவை. "மறுத்துவிடு, விட்டுவிடுகிறோம்" என்று இவர்களில் யாரிடமாவது சொன்னதாக இந்தப் பழைய குறிப்புகளில் இல்லை. அவர்கள் மனதார நம்பினார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. பொய் சொன்னார்கள் என்று நான் எங்கேயும் சொல்லவில்லையே.

தோமா கேலிக்கு வருகிறேன். சந்தேகப்படுவது சபைக்கு வெளியே மட்டும் நடப்பதல்ல. இயேசுவின் உடலைச் சுற்றியதாகப் பலர் நம்பும் துரின் சவத்துணியை 1988இல் மூன்று ஆய்வகங்கள் கார்பன் சோதனை செய்து 1260க்கும் 1390க்கும் இடைப்பட்டது என்றன. அதற்கு ஆறு நூற்றாண்டு முன்பே, 1389இல், அது ஓர் ஓவியனின் கைவேலை என்று போப் பதவியில் இருந்தவருக்கு எழுதியவர் பியேர் தார்சி. அந்தப் பகுதியின் ஆயர் அவர்! பிரான்ஸின் புனிதத் தலமான லூர்துவில் குணமானதாக 7,000க்கு மேற்பட்டவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்; 2018இல் சபை அற்புதமென்று அறிவித்தது 70ஆவது. அங்கேயும் மருத்துவர்கள் "எங்களால் விளக்க முடியவில்லை" என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அற்புதம் என்று அறிவிப்பது ஆயரின் வேலை. வரலாற்றைப் படிக்கிறவனும் அந்த மருத்துவர்களின் நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறான்.

அண்ணனோடு உட்கார்ந்து ஒரு நாள் மாற்கு 16ஐ வாசியுங்கள். 8ஆம் வசனத்தில் நிறுத்துங்கள். அந்தப் பெண்கள் யாரிடமும் சொல்லவில்லை என்றால் மாற்குவுக்கு எப்படித் தெரிந்தது என்று கேளுங்கள். நன்றாகப் படித்தவர் என்கிறீர்கள், ஏதாவது ஒரு பதில் வைத்திருப்பார். அதை எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்.