பிஜி வேலையா, ஆஸ்திரேலியப் படிப்பா? ஆரணியிலிருந்து கேட்ட ஒரு அப்பாவுக்கு

வணக்கம் ஐயா.

உங்கள் நீண்ட மெசேஜை இரண்டு தடவை படித்தேன். சுற்றி வளைத்து நீங்கள் கேட்பது இதுதான்: "பிஜியில் நம்ம ஆளுங்க மூணு தலைமுறையா வசதியா இருக்காங்களாம். ஆஸ்திரேலியாவிலும் வசதியாத்தான் இருக்காங்க. அப்புறம் எதுக்கு வீட்டை அடமானம் வெச்சு, பையனை மெல்போர்ன்ல படிக்க வைக்க 42 லட்சம் கடன் வாங்கணும்? நாலு லட்சம் கட்டி பிஜியில லவுடோகாங்கிற ஊர் வேலைக்கு அனுப்பிட்டா, அங்கேயிருந்து சிட்னிக்குத் தாவிக்கலாம்னு ஏஜென்ட் சொல்றாரே?"

முதலில் அந்த "வசதியா இருக்காங்க" என்பதைப் பிரித்துப் பார்ப்போம். ஒரு நாட்டில் நம்மவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்பதை வைத்து, நாளைக்குப் போகப்போகிற நம் பிள்ளை எப்படி இருப்பான் என்று கணக்குப் போடுகிற பெற்றோர்களை வாரத்துக்கு இரண்டு பேராவது பார்க்கிறேன். அவர்கள் எந்த வாசல் வழியாக உள்ளே போனார்கள் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

சில வருடங்களுக்கு முன் சிட்னியில் என் தங்கை வீட்டில் ஒரு மாதம் தங்கியிருந்தேன். அங்கே லிவர்பூல் என்ற புறநகர்ப் பக்கம் போக ஒரு டாக்சியில் ஏறினால், ஓட்டுநரின் அட்டையில் குடும்பப் பெயர் கவுண்டர். ஆசையாகத் தமிழில் ஆரம்பித்தேன். அவர் சிரித்துக்கொண்டே இந்தியில் பதில் சொன்னார், அதுவும் நமக்குப் பழக்கமில்லாத பிஜி இந்தி. பாட்டனார் எந்த ஊர் என்று தெரியாது. பழைய காகிதம் ஒன்றில் வட ஆற்காடு என்று இருந்ததாம். பிஜியில் பா என்ற ஊர்ப்பக்கம் பத்து ஏக்கரில் கரும்பு போட்டிருந்தார். 1999-இல் குத்தகை முடிந்தது, நிலத்துக்காரர்கள் புதுப்பித்துத் தரவில்லை. வீட்டுக் கூரைத் தகரத்தைக் கழற்றி விற்றுவிட்டு, ஏற்கெனவே சிட்னியில் இருந்த அக்காவின் தயவில் வந்து சேர்ந்தார். மகள் இப்போது மருந்தாளர். வசதியாக இருக்கிறீர்களா என்று கேட்டால் ஆமாம் என்றுதான் சொல்லுவார். ஆனால் அந்த ஆமாமுக்குள் எத்தனை இருக்கிறது பாருங்கள்.

வட ஆற்காடு என்றதும் உங்களுக்குச் சுருக்கென்றிருக்கும். ஆரணியும் அந்தப் பழைய மாவட்டத்தில்தானே இருந்தது. 1879 முதல் 1916 வரை ஏறக்குறைய 61 ஆயிரம் பேர் இந்தியாவிலிருந்து பிஜிக்குக் கப்பலேறினார்கள். சென்னையிலிருந்து கப்பல் கிளம்பியது 1903-லிருந்துதான். தெற்கிலிருந்து போனவர்கள் சுமார் 15 ஆயிரம் பேர். ஐந்து வருட ஒப்பந்தம். ஒரு நாள் வேலையை முடித்தால் ஆணுக்கு ஒரு ஷில்லிங், பெண்ணுக்கு ஒன்பது பென்ஸ். அக்ரிமெண்ட் என்ற சொல் அவர்கள் வாயில் கிர்மிட் ஆகி, அந்தக் காலத்துக்கே பெயராகிவிட்டது. அவர்களில் பெரும்பாலோரை வேலை வாங்கிய கரும்புக் கம்பெனி எந்த ஊர்க் கம்பெனி தெரியுமா? சிட்னியைத் தலைமையிடமாகக் கொண்ட கொலோனியல் சுகர் ரிஃபைனிங் கம்பெனி. 1973 வரை அது பிஜியில் ஆலை நடத்தியது. ஆஸ்திரேலியா, பிஜி என்று நாம் தனித்தனியாகப் பேசும் இரண்டு நாடுகளும் நூறு வருடமாக ஒரே கணக்குப் புத்தகத்தில்தான் இருந்திருக்கின்றன.

அதே பிஜியில் இன்னொரு கூட்டமும் உண்டு. குஜராத்திகள். அவர்கள் ஒப்பந்தத்தில் வரவில்லை; சொந்தக் காசில் டிக்கெட் எடுத்து வந்து தையல் கடை, நகைக்கடை, துணிக்கடை என்று வைத்தார்கள். இன்றைக்கு சுவா, நாடி ஆகிய நகரங்களின் பெரிய கடைத்தெருக்களில் அவர்கள் கை ஓங்கியிருக்கிறது. பிஜி இந்தியர் பணக்காரர் என்று ஏஜென்ட் காட்டுகிற போட்டோக்களில் பாதி அந்தக் கடைகள்தான். கரும்புக் காட்டுக்குள் போய் யாரும் போட்டோ எடுப்பதில்லை.

கரும்புக்காரருக்கு நிலம் சொந்தமில்லை. பிஜியின் நிலத்தில் 87 சதவீதம் அளவுக்குப் பூர்வகுடி மக்களின் பொதுச்சொத்து. விற்கவே முடியாது, குத்தகைக்குத்தான் கிடைக்கும். 1976-இல் வந்த சட்டம் புதிய குத்தகைக்கு 30 வருடம் கொடுத்தது, ஏற்கெனவே இருந்த குத்தகைகளை 20 வருடம் நீட்டித்தது. 1997-லிருந்து அந்தப் பழைய குத்தகைகள் ஒவ்வொன்றாக முடியத் தொடங்கின. இந்தப் பக்கம் ஆட்சிக் கவிழ்ப்புகள் வேறு: 1987-இல் ஒரே வருடத்தில் இரண்டு, பிறகு 2000, 2006. மக்கள்தொகையில் பாதியாக இருந்த இந்திய வம்சாவளியினர் இப்போது மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு வந்துவிட்டார்கள். 1990-களின் நடுவில் 40 லட்சம் டன்னைத் தொட்ட கரும்பு விளைச்சலும் சமீப வருடங்களில் அதில் பாதிக்கும் கீழே போய்விட்டது.

நிலத்தில் காசைப் போட வழியில்லாததால் அவர்கள் பிள்ளைகளின் படிப்பில் போட்டார்கள். 1926-இல் நாடியில் தொடங்கிய தென்னிந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கம் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகக் கட்டியது. படிப்பைக் கையோடு எடுத்துப் போகலாம். 1987-க்குப் பிறகு ஆசிரியர், கணக்காளர், நர்ஸ் என்று படித்தவர்கள்தான் முதலில் விமானம் ஏறினார்கள், பெரும்பாலும் ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும். 2021 ஆஸ்திரேலியக் கணக்கெடுப்பில் பிஜியில் பிறந்தவர்கள் சுமார் 69 ஆயிரம் பேர். பிஜியின் மொத்த ஜனத்தொகையே சுமார் ஒன்பது லட்சம்தான், ஐயா.

இனி ஆஸ்திரேலியாவில் இருக்கும் நம்மவர்களைப் பாருங்கள். அதே கணக்கெடுப்பில் இந்தியாவில் பிறந்தவர்கள் 6.73 லட்சம் பேர். வெள்ளையர் மட்டும் என்ற கொள்கை 1973-இல் முழுதாக ஒழிந்த பிறகு, வயது, படிப்பு, ஆங்கிலம், அனுபவம் என்று புள்ளி போட்டு ஆள் எடுக்கிறார்கள். அதாவது சல்லடையில் சலித்து மேலே நின்றவர்களைத்தான் நீங்கள் பார்க்கிறீர்கள். அவர்கள் நல்ல சம்பளம் வாங்குவதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது? சலித்துக் கீழே விழுந்தவர்கள் திரும்பி வந்துவிட்டார்கள், அவர்கள் யாரும் ஃபேஸ்புக்கில் வீட்டுப் புகைப்படம் போடுவதில்லை. போடுகிறவர்களின் வீட்டிலும் முப்பது வருடக் கடன் இருக்கிறது, அது போட்டோவில் விழாது.

சரி, உங்கள் மகன், அந்தத் தம்பியின் விஷயத்துக்கு வருவோம். வயது 24, பி.காம்., சென்னையில் ஆடிட்டர் ஆபீஸில் 22 ஆயிரம் சம்பளம், சி.ஏ. இன்டரில் ஒரு குரூப் முடித்திருக்கிறார். லவுடோகாவில் கட்டுமானப் பொருள் விற்கும் நிறுவனத்தில் கணக்காளர் வேலை, மாதம் 2,200 பிஜி டாலர்.

இந்த வேலை ஏன் ஆரணி வரைக்கும் வந்தது என்று யோசித்தீர்களா? அங்கே பி.காம். படித்தவர்கள் இல்லாமலா? இருந்தார்கள். சிட்னிக்கும் ஆக்லாந்துக்கும் போய்விட்டார்கள். பிஜியில் குறைந்தபட்சக் கூலி 2025 ஏப்ரலிலிருந்து மணிக்கு 5 பிஜி டாலர். ஆஸ்திரேலியாவில் அதே ஆண்டு ஜூலையிலிருந்து மணிக்கு 24.95 ஆஸ்திரேலிய டாலர். நாணய மதிப்பையும் சேர்த்துப் பார்த்தால் ஏழு மடங்கு. மூன்றரை நான்கு மணி நேர விமானத் தூரத்தில் ஏழு மடங்குக் கூலி இருந்தால் யார் தங்குவார்கள்? அப்படி எழுந்து போன ஒருவர் விட்டுவிட்டுப் போன நாற்காலியில்தான் உங்கள் மகனை உட்காரச் சொல்கிறார்கள். அது தப்பான நாற்காலி என்று நான் சொல்லவில்லை. அங்கிருப்பவர்களே எழுந்து போகிற இடம் என்று தெரிந்துகொண்டு உட்கார வேண்டும், அவ்வளவுதான்.

கணக்கை நேர்மையாகவே போடுகிறேன். ஒரு பிஜி டாலர் 38 ரூபாய் என்று வைத்தால் 2,200 என்பது 83 ஆயிரம் சொச்சம். வருடத்துக்கு 26,400 டாலர். அங்கே குடியிருப்பவராகக் கணக்கில் வந்துவிட்டால் 30 ஆயிரம் வரை வருமான வரி கிடையாது, அதனால் வரிப் பிடித்தம் இருக்காது. வீட்டு வாடகை, சாப்பாடு, பஸ், போன் எல்லாம் சேர்த்து 1,350 என்று வைக்கிறேன். அரிசி, பருப்பு எல்லாம் கப்பலில் வருகிற சரக்கு, விலை உறைக்கும். மிச்சம் 850, அதாவது 32 ஆயிரம் ரூபாய். திருவல்லிக்கேணி மேன்ஷனில் இருந்துகொண்டு அவர் இப்போது மிச்சம் பிடிப்பது எட்டாயிரம் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆக மாதம் 24 ஆயிரம் லாபம். ஏஜென்டின் நாலு லட்சத்தை எடுக்கவே ஒன்றரை வருடம் ஆகும். ஒரு தடவை ஊருக்கு வந்து போனால் அதில் நான்கைந்து மாத லாபம் காலி.

இப்போது அந்த "தாவிக்கலாம்" கதை. இதில்தான் எனக்குக் கோபம் வருகிறது. ஆஸ்திரேலியா பசிபிக் தீவுக்காரர்களுக்கென்று சில வாசல்களைத் திறந்து வைத்திருப்பது உண்மை. இறைச்சி ஆலை, பண்ணை, முதியோர் இல்லம் ஆகியவற்றுக்கு ஆள் எடுக்கிற திட்டம் ஒன்று. 2024-இல் தொடங்கிய, குலுக்கல் முறையில் ஆண்டுக்கு 3,000 பேர் வரை நிரந்தரமாகக் குடியேறுகிற விசா இன்னொன்று. இரண்டும் அந்தத் தீவு நாடுகளின் குடிமக்களுக்கு. இந்திய பாஸ்போர்ட்டோடு லவுடோகாவில் இருப்பவருக்கு அந்த வாசல் சுவர்தான்.

மிச்சமிருப்பது புள்ளி முறை. அதில் ஆஸ்திரேலியாவுக்கு வெளியே செய்த வேலைக்கு மூன்று வருடத்துக்கு 5 புள்ளி, ஐந்து வருடத்துக்கு 10. லவுடோகாவில் செய்தாலும் சரி, ஆரணி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் செய்தாலும் சரி, புள்ளி ஒன்றுதான். பிஜி அந்த ஏணியில் ஒரு படி கூட இல்லை.

மெல்போர்ன் பக்கமும் நான் பூச்சு பூசப் போவதில்லை. 42 லட்சத்துக்கு 11 சதவீத வட்டி என்றால் மாதம் 38,500 ரூபாய் வட்டி மட்டும். விசா கட்டணமே 2025 ஜூலையிலிருந்து 2,000 ஆஸ்திரேலிய டாலர், விசா கிடைக்காவிட்டாலும் அது திரும்பாது. ஒரு வருடச் செலவுக்கு 29,710 டாலர் காட்டச் சொல்கிறார்கள். மாணவர் இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம் வேலை செய்யலாம். குறைந்தபட்சக் கூலிக்கு, வருடம் பூராவும் விடாமல் வேலை கிடைத்தால், கிட்டத்தட்ட அதே தொகை வரும். ஆகவே பகுதிநேர வேலை வயிற்றுக்கும் வாடகைக்கும் சரியாகப் போகும். கல்லூரிக் கட்டணத்தையோ உங்கள் வட்டியையோ அது தொடாது. அவன் அங்கே சம்பாதித்துக் கட்டிவிடுவான் என்று யாராவது சொன்னால், இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

படித்து முடித்தபின் இந்தியர்களுக்கு, முதுகலைப் படிப்புக்கு, மூன்று வருடம் வரை தங்கி வேலை பார்க்க விசா உண்டு. அதற்குள் நிரந்தர வசிப்புரிமைக்கான அழைப்பு வர வேண்டும். விண்ணப்பிக்க 65 புள்ளி போதும், ஆனால் கணக்காளர்கள் வரிசை நீளம். பல வருடங்களாக அவர்களுக்கு அதைவிட மிக அதிகமான புள்ளி இருந்தால்தான் அழைப்பு வந்திருக்கிறது. நர்சிங்கோ ஆசிரியர் பயிற்சியோ படிப்பவர் என்றால் நான் வேறு மாதிரி பேசியிருப்பேன்.

என் அபிப்பிராயம் கேட்டீர்கள். சொல்கிறேன், பிடிக்காமல் போகலாம். தம்பி இன்டரில் இரண்டாவது குரூப்பை முடிக்கட்டும், சி.ஏ.வை விட வேண்டாம். நம்முடைய பட்டயக் கணக்காளர் நிறுவனத்துக்கும் ஆஸ்திரேலியாவின் கணக்காளர் அமைப்புகளுக்கும் பரஸ்பர அங்கீகார ஒப்பந்தம் உண்டு. சி.ஏ. முடித்தவர் அங்கே போய் முதலிலிருந்து மாஸ்டர்ஸ் படிக்க வேண்டிய அவசியம் பெரும்பாலும் இருக்காது. 24 வயதில் மூன்று வருடம் போனால் 27. புள்ளி முறையில் வயதுக்கு முழு 30 புள்ளி கிடைப்பது 25 முதல் 32 வரைக்கும். ஆக அவருக்கு நேரம் இருக்கிறது. அனுப்புகிற அவசரம் உங்களுக்குத்தான் இருக்கிறது, ஐயா. உங்கள் ஓய்வுப் பணம் வங்கியில் கிடப்பது உங்களை உறுத்துகிறது என்று நினைக்கிறேன், தவறாக நினைக்காதீர்கள்.

சி.ஏ. இனி ஒத்துவராது என்று தம்பியே சொன்னால், அப்போது பிஜியை யோசிக்கலாம். ஆனால் ஆஸ்திரேலியாவின் வாசற்படி என்று நினைத்து வேண்டாம், மூன்று வருடத்தில் எட்டு லட்சம் ரூபாய் கூடுதலாக, ஏஜென்ட் காசு போனால் நாலு லட்சம் சொச்சம் சேர்க்கிற வேலை என்று மட்டும் நினைத்துப் போகட்டும். அந்த ஊர் வேலை அனுமதி குறிப்பிட்ட முதலாளியோடு கட்டுப்பட்டது. முதலாளி பிடிக்கவில்லை என்றால் பக்கத்துக் கடைக்கு மாற முடியாது, அனுமதியே புதிதாக வாங்க வேண்டும். அதனால் அனுமதிக்கு விண்ணப்பிக்கிற செலவு யாருடையது, திரும்பி வர டிக்கெட் யார் எடுப்பார்கள், தங்குமிடம் தனி அறையா கடை மாடியா, இவையெல்லாம் எழுத்தில் வர வேண்டும். எழுத்தில் வராதவரை ஏஜென்டுக்கு ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். சம்பளம் 2,200 என்று போட்டிருக்கிற தாளில் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்று போடவில்லை, கவனித்தீர்களா?

ஏஜென்டை நடுவில் வைக்காமல் அந்த நிறுவனத்தோடு வீடியோ காலில் தம்பியே ஒரு பத்து நிமிடம் பேசட்டும். கூச்சப்படாமல் ஒரு கேள்வி கேட்கச் சொல்லுங்கள்: இந்த வேலையில் இதற்கு முன் இருந்தவர் எத்தனை வருடம் இருந்தார், இப்போது எங்கே இருக்கிறார்? அவர்கள் என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுதுங்கள். சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு மேல் அலுவலகத்தில்தான் இருப்பேன், வந்தால் தம்பியையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.