வளவு இல்லாத வீட்டில் கரி மணம்

கேள்வி: வணக்கம் ஆச்சி. காரைக்குடியில் மாடிக் குடியிருப்பில் இருக்கிறோம். கேஸ் அடுப்பும் ஓ.டி.ஜி. என்கிற சின்ன மின்சார அவனும் உண்டு. தீயில் வாட்டிய பார்பிக்யூ கோழியின் மணம் வீட்டில் வரவே மாட்டேன் என்கிறது. மசாலாவை எத்தனை முறை மாற்றினாலும் குழம்பிலிருந்து எடுத்த கறி மாதிரியே இருக்கிறது. கரி அடுப்பைச் சமையலறைக்குள் வைத்துக்கொள்ளலாமா? பாட்டிலில் வரும் லிக்விட் ஸ்மோக் வாங்கலாமா?

பதில்: தம்பி, முதலில் கரி அடுப்பு. வைக்காதீர்கள். கரி எரியும்போது கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. மூடிய வீட்டில் ஆளையே கொல்லும். பழைய வீடுகளில் அடுப்படிப் புகை போவதற்கு வளவு என்கிற திறந்த முற்றம் இருந்தது. உங்கள் அடுக்களையில் ஒரு ஜன்னல்தான் இருக்கும். ஒரு ஐப்பசி மழையில் சாரலுக்குப் பயந்து குமுட்டி அடுப்பை உள்ளே எடுத்து வைத்துக் கதவையும் சாத்தினேன். அரை மணி நேரத்தில் தலை கிண்ணென்று வலித்து, குமட்டலோடு வாசலுக்கு ஓடினேன். அன்றோடு விட்டேன்.

மசாலாவையும் விட்டுவிடுங்கள். கோளாறு அதில் இல்லை. நாம் கரி மணம் என்று சொல்வது பெரும்பாலும் கரியின் மணமே அல்ல. நம் சிவகங்கை, ராமநாதபுரம் பக்கம் சீமைக்கருவேல மரத்தை அடுக்கிக் கரிமூட்டம் போடுகிறார்களே, மரத்தின் புகையெல்லாம் அந்த மூட்டத்திலேயே போய்விடும். மிஞ்சிய கரி நன்றாகக் கனிந்துவிட்டால் தனக்கென்று பெரிய வாசனை எதுவும் தராது. கோழியிலிருந்து கொழுப்பும் சாறும் கங்கில் சொட்டி, சுரீரென்று ஆவியாகி, அந்தப் புகை திரும்பக் கறியிலேயே படிகிறது பாருங்கள், அதுதான் நீங்கள் தேடும் மணம். கேஸ் அடுப்பின் வாணலியில் சொட்டுகிற கொழுப்பு கறிக்கு அடியிலேயே தேங்கி, கறி அதிலேயே வேகிறது. குழம்புக்கறி மாதிரி இருக்காமல் வேறு எப்படி இருக்கும்?

அதனால் வேலை இரண்டு: கறியின் மேல்பக்கம் சிவந்து கருக வேண்டும், கொழுப்பு கங்கில் விழ வேண்டும். இரண்டையும் தனித்தனியாகச் செய்யலாம்.

சிவக்க வைப்பதற்கு எதிரி ஈரம். தண்ணீர் இருக்கும்வரை கறியின் மேல்பக்கம் 100 டிகிரியைத் தாண்டாது. நன்றாகச் சிவக்க 140 டிகிரிக்கு மேல் வேண்டும். உப்புக்கண்டத்தைச் சுட்டால் தெருவே மணப்பது ஏன் என்று நினைத்துப் பாருங்கள். கறி காய்ந்திருக்கிறது, அவ்வளவுதான். ஒரு கிலோ தொடைக்கறியைக் கீறி, 2 டீஸ்பூன் உப்பு தடவி, மூடாமல் தட்டில் வைத்து ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் இரவு முழுக்க விடுங்கள். மறுநாள் தோல் காகிதம் மாதிரி உலர்ந்திருக்கும். (நாட்டுக்கோழி வேண்டாம். அது குழம்புக்கு ராஜா. இந்த வேலைக்கு நார் நாராக நிற்கும். தோலுள்ள பிராய்லர் கோழியே போதும்.) மசாலாவைத் தண்ணீரில் கரைக்காமல் எண்ணெயில் குழையுங்கள். தயிர் போட்டே ஆக வேண்டுமென்றால் துணியில் கட்டி வடித்துப் போடுங்கள்.

இங்கே நம்மிடம் ஒரு சாமான் இருக்கிறது: கல்பாசி. பச்சையாக முகர்ந்தால் பெரிதாக ஒன்றும் இருக்காது. சூடான எண்ணெயில் விழுந்ததும் புகை கலந்த மரவாசனையை அவிழ்க்கும். 3 டேபிள்ஸ்பூன் நல்லெண்ணெயில் இரண்டு இதழ் கல்பாசியும் நாலு வரமிளகாயும் போட்டு, மிளகாய் கருஞ்சிவப்பாகும்வரை வறுத்து, ஆறியதும் அரைத்துத் தடவுங்கள். பாதி தூரம் இதிலேயே வந்துவிடலாம்.

ஓ.டி.ஜி.யை 200 டிகிரிக்குச் சூடாக்கி, கறியைக் கம்பித் தட்டில் அடுக்கி, கீழே ஒரு தட்டு வையுங்கள். 35 நிமிடம் வாக்கில் வெந்துவிடும். வெப்பமானி இருந்தால் எலும்போரம் 74 டிகிரி காட்ட வேண்டும். கடைசி 5 நிமிடம் மேல்கம்பியை மட்டும் முழுச் சூட்டில் விட்டு, கறியை அதன் பக்கத்தில் ஏற்றுங்கள். தலைகீழான கரி அடுப்பு என்று வைத்துக்கொள்ளுங்களேன். அங்கேயே நில்லுங்கள்; திரும்பி வருவதற்குள் கரிந்துவிடும்.

கீழ்த்தட்டில் சொட்டியதைக் கொட்டிவிடாதீர்கள். அதுதான் அடுத்த வேலைக்கு மூலதனம்.

இஸ்திரி போடுகிறவரிடம் எலுமிச்சம்பழ அளவில் ஒரு துண்டுக் கரி கேட்டு வாங்குங்கள். மண்ணெண்ணெய் வாடை அடித்தால் வேண்டாம். ஜன்னலைத் திறந்து, எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டுவிட்டு, கேஸ் மேல் கம்பி வலை வைத்துக் கரியைக் கனலவிடுங்கள். படபடவென்று பொரியும், முகத்தை விலக்கிக்கொள்ளுங்கள். மேலே நீறு பூத்து உள்ளே செக்கச்செவேலென்று ஆனதும், கறியை அகலமான எவர்சில்வர் சட்டியில் பரப்பி, நடுவில் சின்னக் கிண்ணம் வைத்து, இடுக்கியால் கங்கை அதில் போடுங்கள். ஒரு கிராம்பையும் போட்டு, தட்டில் சேர்ந்த கொழுப்பில் அரை டீஸ்பூன் அதன்மேல் விட்டு உடனே மூடுங்கள். எல்லாரும் நெய் விடுவார்கள். நெய் விட்டால் பிரியாணிக் கடை வாசனை வரும். கோழிக்கொழுப்பு விட்டால்தான் சுட்ட கோழி வாசனை வரும். 4 நிமிடம் போதும். ஆசைப்பட்டு 10 நிமிடம் வைத்தால் கசக்கும்.

நான்ஸ்டிக் சட்டியை இந்தப் பக்கமே கொண்டுவராதீர்கள், இத்தனை சூட்டில் அதன் பூச்சு கெடும்.

லிக்விட் ஸ்மோக் ஏமாற்று வேலை இல்லை. விறகுப் புகையைக் குளிரவைத்துத் தண்ணீரில் பிடித்ததுதான். ஆனால் கொழுப்புப் புகை அதில் கிடையாது. வாங்கினால் கிலோவுக்குக் கால் டீஸ்பூனைத் தாண்டாதீர்கள், மருந்து வாடை அடிக்கும். நான் வாங்குவதில்லை.

வேலை முடிந்ததும் கங்கைத் தண்ணீரில் போட்டு, சத்தம் அடங்கும்வரை விட்டு வையுங்கள். நீறு பூத்த துண்டை அணைந்துவிட்டது என்று நினைத்துக் குப்பைக்கூடையில் போட்டுவிடப் போகிறீர்கள். வெயிலில் இரண்டு நாள் காயவைத்தால் அதே துண்டு இன்னொரு கோழிக்கும் ஆகும்.