டிப்ரெஷன் மாத்திரை போடுறீங்களா? பார்மசி அக்காகிட்ட கேளுங்க

ஆஸ்பத்திரி பார்மசியில வேலை பாக்குறேன். எஸ்சிடலோபிராம், செர்ட்ராலின் பத்தி என்ன வேணா கேளுங்க, டோஸ் ஏத்துறது எறக்குறது மட்டும் உங்க டாக்டர் பாத்துப்பார்.

கேள்வி: அக்கா, எஸ்சிடலோபிராம் ஆரம்பிச்சு ஒரு வாரம் ஆச்சு, குமட்டல்தான் மிச்சம். நிறுத்திடவா?

பதில்: நிறுத்தாதீங்க தம்பி. குமட்டல், வயித்தால போறது, படபடப்பு எல்லாம் முன்னாடி வந்துடும், பலன் தெரிய 2லேருந்து 4 வாரம் ஆகும், சிலருக்கு 6, 8 வாரம்கூட. சாப்பிட்டுட்டு போட்டா குமட்டல் கொறையும். ஆனா இருப்புக் கொள்ளாம தவிக்கிறது, சாகணும்னு நெனப்பு வர்றதுன்னா, அதுவும் 25 வயசுக்குள்ளன்னா, அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரைக்கும் பாக்காம அன்னைக்கே டாக்டர்கிட்ட சொல்லணும். ராத்திரின்னா அரசோட மனநல உதவி எண், டெலி மானஸ் 14416, தமிழ்லயே பேசுவாங்க.

கேள்வி: என் அட்டையில ரெண்டு மருந்து பேர் இருக்கே?

பதில்: இததான் எல்லாரையும் திருப்பிப் பாருங்கன்னு சொல்றேன். எஸ்சிடலோபிராம் 10 மி.கி., அதுக்குக் கீழ குளோனாசிபாம் 0.5 மி.கி.ன்னு இருக்கும், ஒரே மாத்திரையில ரெண்டு மருந்து. ரெண்டாவது பழக்கமாயிடுற மருந்து, ஆரம்பத்துல படபடப்பும் தூக்கமும் சரியாக பெரும்பாலும் கொஞ்ச வாரத்துக்குத்தான் தர்றது, பழைய சீட்டையே காட்டி வருஷக்கணக்கா வாங்குறாங்க, எனக்குக் கோவம் வர்றதே அங்கதான். அதுக்காக பட்டுனு விட்டுடாதீங்க, ஃபிட்ஸ் வரலாம். சரக்கோட சேரவே கூடாது.

கேள்வி: இப்ப நல்லாருக்கேன். ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டு நிறுத்திக்கவா?

பதில்: வேணாங்க. நல்லானப்புறமும் கொறஞ்சது 6 மாசம் போடச் சொல்லுவாங்க, இல்லன்னா திரும்ப வர்ற வாய்ப்பு அதிகம். நாள் விட்டு நாள் போட்டா மருந்து ஏறி எறங்கி தலைசுத்தல், எரிச்சல், தலைக்குள்ள ஷாக் அடிச்ச மாதிரின்னு படுத்தும். டாக்டர் டோஸ கொஞ்சம் கொஞ்சமா கொறைப்பார், பராக்ஸெடின், வென்லாஃபாக்சின்னு வேற டிப்ரெஷன் மருந்துன்னா இன்னும் மெதுவா.

கேள்வி: அம்மாவுக்கு 68 வயசு, செர்ட்ராலின் போடுறாங்க. முட்டிவலிக்கு டைக்ளோஃபினாக் வாங்கலாமா?

பதில்: நீங்களா வாங்காதீங்க, ரெண்டும் சேர்ந்தா வயித்துல ரத்தக்கசிவு வரலாம். டிரமடால்ங்கிற வலி மாத்திரையும் ஆகாது. பாராசிட்டமால் பரவால்ல. பிபிக்கு நீர் பிரியிற மாத்திரையும் போட்டா ரத்தத்துல சோடியம்ங்கிற உப்பு கொறையலாம், திடீர்னு ஆள் கொழம்புறாங்க, தள்ளாடுறாங்கன்னா வயசுன்னு விடாம உடனே கூட்டிட்டுப் போங்க, சோடியம் பாக்கணும்.

கேள்வி: தாம்பத்யத்துல பிரச்சனை, டாக்டர்கிட்ட கேக்க கூச்சமாருக்கு.

பதில்: ரொம்ப பேருக்கு வர்றதுதான் அண்ணா, ஒரு சீட்டுல எழுதி நீட்டுங்க. மருந்த மாத்தலாம்.

கேள்வி: நேத்து மறந்துட்டேன், இன்னைக்கு ரெண்டா?

பதில்: ஒன்னே ஒன்னு.